கொடுப்பதற்காகக் கேட்ட கேள்வி



வளையமாதேவியில் மாலை நேரப் படிப்பு வகுப்பு ஒன்றில் நடந்த சிறு நிகழ்ச்சியிலிருந்து இந்தச் சிந்தனையைத் தொடங்குகிறோம். தமிழகத்தின் ஆறுகள் பற்றிய பாடம். தன்னார்வத்தோடு சொல்லிக்கொடுக்க வரும் இளம் ஆசிரியை காவிரி, பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எந்த ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் மளமளவென்று பதில் சொன்னார்கள். நாம் பின்வரிசையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

அப்போது ஒரு சிறுமி தானாகவே எழுந்தாள். பட்டியலில் பரவனாறு ஏன் இல்லை என்று கேட்டாள். கேட்டுவிட்டு உட்காரவில்லை. சுரங்கத்திற்காக ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டால் அது தன் பழைய வழியை மறந்துவிடுமா, பெருமழை பெய்தால் மறுபடியும் பழைய வழிக்கே வந்துவிடாதா என்று அடுத்த கேள்வியையும் கேட்டாள். ஆசிரியை ஒரு கணம் திகைத்தார். அது பாடத்தில் இல்லை, உட்கார் என்றார். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். நாமும் ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டோம்.

2023 ஜூலையில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்ப் பணிக்காக இவ்வூர் வயல்களில், நெற்பயிர் நின்றுகொண்டிருந்தபோதே மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தச் சிறுமி அதைத் தொலைக்காட்சியில் அல்ல, வரப்பில் நின்று பார்த்தவள். அவள் கேட்டது வெறும் பாடக் கேள்வி அல்ல. அதற்கு நம்மிடம் இருந்த பதில் உட்கார் என்ற ஒரு சொல்தானா என்ற எண்ணம் அன்று இரவு முழுவதும் நம்மை விடவில்லை.

கேள்வி கேட்பதும் கேட்ட கேள்வியை ஏற்றுக்கொள்வதும் ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை நினைக்கும்போது, நம் மனத்தில் வந்து நிற்பவர் தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் உ.வே. சாமிநாத ஐயர். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர்; சைவத்தில் ஊறிய அந்தணர். ஆனால் கேள்வியினாலேயே உருவான, கேள்வியினாலேயே திரும்பிய ஒரு வாழ்வு வேண்டுமென்றால் இதைவிடத் தெளிவான ஒன்று நம் மண்ணில் நமக்குத் தெரியவில்லை. மேலும் அவர் நமக்கு அந்நியரும் அல்லர். சேத்தியாத்தோப்பில் பேருந்து ஏறி அணைக்கரையைக் கடந்தால் அவர் ஆசிரியராக இருந்த கும்பகோணம். இந்தப் பக்கம் போனால் 1924 முதல் 1927 வரை அவர் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்த சிதம்பரம். வெள்ளாற்றுக்கு அப்பால் அவர் சிறுவனாகத் தமிழ் தேடி அலைந்த அரியலூர், குன்னம், செங்கணம்.

1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தவர் அவர். சொந்த ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர்; ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லிப் பிழைத்தவர். வீட்டில் வறுமை. எந்த ஊரில் ஆதரவு கிடைக்கிறதோ அந்த ஊருக்குக் குடும்பம் மாறும். மகனுக்கு இசையும் வடமொழியும் வரவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ தமிழ்மேல் பசி. எனவே குடும்பம் மாறும் ஊரிலெல்லாம் ஒரு தமிழாசிரியரைத் தேடிப் பிடித்தார்கள். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், ரெட்டியாரிடம் யாப்பிலக்கணமும் பயின்றார். பள்ளிக்கூடக் கட்டடம் இல்லை, கால அட்டவணை இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, ஒரு நூலை ஒருவர் அறிந்த அளவுக்குக் கற்பது. அவருக்கு மேல் அறிந்தவரைத் தேடிப் போவது. தமக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இனிப் பெரியவரிடம் போ என்று சொல்லி அனுப்பும் பெருந்தன்மை அந்தக் கிராமத்து ஆசிரியர்களிடம் இருந்தது. இன்றைய நம் பள்ளிகளில் இதை எளிதில் காண முடிவதில்லை.

நன்னூலைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும், பின்னால் உதவும். பவணந்தி முனிவர் என்னும் சமணத் துறவி இயற்றிய அந்த இலக்கணம், கேள்விகளை ஆறாகப் பிரிக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் படித்த எல்லோருக்கும் இது நினைவிருக்கும். தனக்கு விடை தெரிந்திருந்தும் மாணவனுக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள மாணவன் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐயவினா. வாங்கிக்கொள்ளும் பொருட்டுக் கேட்பது கொளல் வினா. ஒருவரிடம் இல்லாததைக் கொடுக்கும் பொருட்டு, உன்னிடம் இது இருக்கிறதா என்று கேட்பது கொடை வினா. ஒரு செயலைச் செய்யத் தூண்டிக் கேட்பது ஏவல் வினா. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற பகுதி இது. நாமும் அப்படித்தான் மறந்திருந்தோம்.

1871இல், பதினாறு வயதில், தந்தையோடு மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார் அந்த இளைஞர். முதல் சந்திப்பே ஒரு தேர்வுதான். என்ன படித்திருக்கிறாய் என்று பிள்ளை கேட்டார். நைடதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லிப் பொருள் கூறச் சொன்னார். பையனுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். எப்படியோ சொல்லிவிட்டான். பிள்ளை குற்றம் கண்டு தாழ்த்தவில்லை. ஆனால் உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பலர் இப்படி வருகிறார்கள், சில நாள் படித்துவிட்டு ஏதோ காரணம் சொல்லிப் போய்விடுகிறார்கள் என்று தம் மனக்குறையைச் சொன்னார். தந்தையும் மகனும் உறுதி கூறிய பிறகே இசைந்தார். சில நாளில் இன்னொரு கேள்வி கேட்டார். வேங்கடராமன் என்று பெயர் சொல்கிறாயே, வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. சாமா என்று அழைப்பார்கள், அது சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்று பையன் சொன்னான். அப்படியானால் நானும் உன்னைச் சாமிநாதன் என்றே அழைக்கிறேன் என்றார் ஆசிரியர். அந்தப் பெயரே உலகத்தில் நிலைத்துவிட்டது. மாணவனிடம் வீட்டுப் பெயரைக் கேட்கின்ற ஆசிரியர், பாடம் தொடங்குவதற்கு முன்பே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறார் என்றே நாம் நினைக்கிறோம். நமது பள்ளிகளில் வருகைப் பதிவேட்டு எண்ணைச் சொல்லிப் பிள்ளைகளை அழைக்கும் வழக்கம் உண்டு. அதை நாமே செய்திருக்கிறோம்.

பிள்ளையின் மாணவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார் என்பதை நம் மக்கள் அறிந்திருப்பது நல்லது. புதிதாக வந்த சாமிநாதனுக்கு ஆரம்பத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஆசிரியர் அவரிடமே ஒப்படைத்தார். சைவ ஆதீனத்துப் புலவர் ஒருவரிடம் கிறிஸ்தவர் மாணவர். அந்தக் கிறிஸ்தவரிடம் அந்தணப் பையன் மாணவன். அக்காலத்தில் மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளையும் மகாவித்துவானின் நெருங்கிய நண்பர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் அவரே. அவர்மேல் குளத்தூர்க் கோவை என்று ஒரு நூலையே மகாவித்துவான் பாடியிருக்கிறார். 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் மகாவித்துவான் உயிர் பிரிந்த வேளையில், சாமிநாதன் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்க, சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் மறைந்தபின் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மடத்திலேயே படித்தும் பாடம் சொல்லியும் வந்தார் சாமிநாதையர். 1880 தொடக்கத்தில், கும்பகோணம் அரசுக் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது, தம் இடத்துக்கு இவரைப் பரிந்துரைத்தார். கல்லூரியில் பேராசிரியர்கள் சூழ உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். தேறினார். ஐம்பது ரூபாய்ச் சம்பளம். பல மாணவர்கள் ஏறக்குறைய அவர் வயதினரே. செய்யுளை இசையோடு பாடி, பிறகு பொருள் சொல்வது அவர் வழக்கம். தந்தையார் கொடுத்த இசை வகுப்பறையில் கைகொடுத்தது. ஆக, இருபத்தைந்து வயதில் எல்லாம் தெரிந்த ஆசிரியர் ஆகிவிட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அக்காலப் புலவர் ஒருவர் படிக்கக்கூடியதையெல்லாம் படித்துவிட்டார். அவர் வாழ்க்கை அங்கேயே நின்றிருந்தால் கும்பகோணத்தில் நல்ல தமிழாசிரியர் ஒருவர் இருந்தார் என்பதோடு முடிந்திருக்கும்.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் அதிகம் வரவேற்பு காட்டவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் பட்டியலை அடுக்கினார். இத்தனை அந்தாதி, இத்தனை பிள்ளைத்தமிழ், இத்தனை கோவை. முதலியார் முகத்தில் மாற்றம் இல்லை. சரி, இவ்வளவுதானா, பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்றார். இவர் நைடதம், கந்தபுராணம், கம்பராமாயணம் என்று பெரிய நூல்களைச் சொன்னார். அதற்கும் அவர் அசையவில்லை. பிறகுதான் கேட்டார்: சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா?

இவர் படித்ததில்லை. இவர் மட்டுமல்ல, இவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. அந்த நூல்களின் முழு ஏட்டைக்கூட இவர் கண்டதில்லை. சிந்தாமணியின் முதல் பகுதியை மட்டும் போவர் என்ற புராட்டஸ்டன்டுப் போதகர் 1868இல் அச்சிட்டிருந்தார், மற்றதெல்லாம் ஏட்டில்.

நாம் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். வெளிப்பார்வைக்கு முதலியார் கேட்டது ஓர் அறிவினா. அதுவும் இதம் இல்லாத அறிவினா. கல்லூரி ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, உமக்கு இது தெரியுமா, அது தெரியுமா என்று கேட்டு இல்லை என்று சொல்லவைப்பது யாருக்கும் சுடும். தன் அறிவைக் காட்டிக்கொள்ளப் பிறரைத் தாழ்த்துகிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். சாமிநாதையர் மனம் புண்பட்டு, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று போயிருந்தால் நியாயமே. அவர் அப்படிப் போகவில்லை. அந்த நூல்கள் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்று சொன்னார். முதலியார் முகம் அப்போதுதான் மலர்ந்தது. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அடுத்த முறை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

அப்படியானால் அது அறிவினா அல்ல. நன்னூல் சொல்லும் கொடை வினா. கையில் ஒன்றை வைத்துக்கொண்டு, கொடுப்பதற்காகவே, உன்னிடம் இருக்கிறதா என்று கேட்ட கேள்வி. இரண்டு கேள்விகளும் ஒரே சொற்களால் ஆனவை. கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் அவற்றின் வேறுபாடு தெரிகிறது. தெரியாது என்ற பதிலைக் கேட்டவுடன் அடுத்த மாணவனைக் கூப்பிடுகிற ஆசிரியர் ஒரு வகை. தெரியாது என்ற பதிலுக்காகவே காத்திருந்து, பிறகு புத்தகத்தை எடுத்து நீட்டுகிறவர் இன்னொரு வகை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக உயர்த்தினால் பதில்கள் நீளமாகின்றன, அதுவரை பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கவும் தொடங்குகிறார்கள் என்றும் கண்டார். மூன்று விநாடி என்பது ஒரு மூச்சு. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாம் வாயைத் திறந்துவிடுகிறோம். நாம் சிறுவயதில் படித்த சின்னக் குறிப்பிடத்தில் கேள்வியும் பதிலும் அச்சிலேயே இருக்கும். கேள்வியின் கடைசிச் சொல் முடிவதற்குள் பதிலின் முதல் சொல் வந்துவிட வேண்டும். அதுதான் நன்றாகப் படித்ததற்கு அடையாளம். அது நமக்குச் செய்த நன்மையை மறக்கவில்லை. இன்றும் பல பதில்கள் நாவில் நிற்கின்றன. ஆனால் குருத்துவக் கல்லூரியில் புனித தோமா அக்குவினாரின் நூலைத் திறந்தபோதுதான் ஒன்று விளங்கிற்று. அவர் ஒவ்வொரு பொருளையும் கேள்வியாகவே வைக்கிறார்; தம் கருத்துக்கு எதிரான வாதங்களை முதலில், முழு வலுவோடு எழுதிவிட்டுத்தான் தம் பதிலுக்கு வருகிறார். கேள்விக்கு அவர் இடம் விட்டார்.

சிந்தாமணி கைக்கு வந்த பிறகு நடந்ததுதான் நமக்கு இன்னும் அருமையாகப் படுகிறது. கல்லூரி ஆசிரியருக்குப் பாட்டுப் புரியவில்லை. சைவ நூல்களில் தோய்ந்த அவருக்கு, திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் எழுதிய காப்பியத்தில் வரும் சமயச் சொற்களும் கொள்கைகளும் புதியவை. நச்சினார்க்கினியரின் பழைய உரை இருந்தது. அதுவும் ஒரு பாட்டின் சொல்லை இன்னொரு பாட்டோடு கொண்டுபோய் மாட்டுவதால் தலை சுற்றியது. அகராதி இல்லை, கேட்க ஆசிரியர் இல்லை. அப்போது கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டுக்குப் போனார். வீட்டில் தோரணமும் அலங்காரமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டார். பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்துக் கேட்டு வந்தோம், இன்று நிறைவு பெறுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். தமிழ்ப் புலவர்கள் கண்ணால் பாராத நூல், தாம் குடியிருக்கும் ஊரிலேயே, நாள்தோறும் ஒரு வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கிறது!

அன்று முதல் அவர் அங்கே மாணவர். பகலில் கல்லூரியில் ஆசிரியராக அறிவினா கேட்டவர், மாலையில் வேற்றுச் சமயத்தார் வீட்டில் உட்கார்ந்து அறியாவினா கேட்டார். இந்தச் சொல்லுக்கு உங்கள் சமயத்தில் என்ன பொருள், இந்த வழிபாட்டை எப்படிச் செய்வீர்கள், இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் என்ன வேறுபாடு என்றெல்லாம். அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள். ஒரு சமயத்தின் நூலை விளக்க வேண்டுமானால் அந்தச் சமயத்தாரிடமே கேட்கவேண்டும் என்ற நேர்மை அது. பின்னர் மணிமேகலையில் இறங்கியபோதும் அப்படியே. ஆங்கிலம் அறியாத அவர், உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியரிடம் பௌத்தம் கேட்டார். ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து இவருக்கு எடுத்துச் சொன்னார். ஒரே கல்லூரியில் ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம், எனக்கு இது தெரியவில்லை, சொல்லுங்கள் என்று கேட்பது எவ்வளவு அரிது என்பது ஆசிரியர் அறைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஏடுகளை ஒப்பிடும் வேலை முழுவதும் ஐயவினா. ஓர் ஏட்டில் ஒரு சொல், மற்றோர் ஏட்டில் வேறொன்று. இதுவா, அதுவா? உரையாசிரியர் மேற்கோள் காட்டுவார். எந்த நூல் என்று சொல்லமாட்டார். இது எதிலிருந்து? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மடம் மடமாக, ஊர் ஊராக, பரண்களையும் பெட்டிகளையும் துழாவினார். ஒரு கேள்விக்கு விடை தேடப்போய் அடுத்த நூல் கிடைத்தது. சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்களை அடுக்கும் பகுதியில் சில அடிகள் அவர் முதலில் பார்த்த ஏடுகளில் இல்லை. இல்லாததை ஊகத்தால் நிரப்பிவிடலாம். கவி பாடத் தெரிந்தவர்தானே. அவர் செய்யவில்லை. தேடினார். தருமபுர ஆதீனத்து ஏட்டில் அந்த அடிகள் கிடைத்தன. பதில் தெரியாத இடத்தைப் பதில் தெரியாத இடமாகவே விட்டுவைக்கும் பொறுமை அவருக்கு இருந்தது.

பிற்காலச் சிறப்புகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணி. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். எண்பத்தைந்து வயதை நெருங்கியபோது ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி, முடிக்காமலேயே, 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். உலகப்போர் அச்சத்தால் சென்னையை விட்டு அங்கே போய்த் தங்கியிருந்த காலம் அது. அந்த வரலாற்றில் தம்மைத் தெரியாதவர் என்று சொல்லவைத்த முதலியாரின் கேள்வியை அவர் மறைக்கவில்லை. தம் வாழ்வின் திருப்பமாகவே எழுதினார். நம்மில் எத்தனை பேர், நம்மைத் தலைகுனிய வைத்த கேள்வியை அச்சில் போடுவோம்?

இனி நம் வகுப்புக்கு வருவோம். நன்னூல் வினாவை ஆறாகப் பிரித்ததுபோல விடையையும் எட்டாகப் பிரிக்கிறது. கேள்விக்கு இன்னொரு கேள்வியையே பதிலாகத் தருவதும் அவற்றில் ஒன்று. மறுத்துச் சொல்வதும் உண்டு. பவணந்தியாரின் எட்டையும் புரட்டிப் பார்த்தோம்; உட்கார் என்பது அதில் இல்லை. இதைச் சொல்லி அந்த இளம் ஆசிரியையை நாம் குறை கூறவில்லை. பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு. அதற்கு மேல், ஊரில் சிலருக்குச் சுரங்கத்தில் வேலை; சிலருக்கு நிலம் போயிற்று; ஒரே தெருவில் இரு தரப்பும் உண்டு. அந்தக் கேள்வியை எடுத்தால் எங்கே போய் முடியுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது, நமக்கும் இருந்தது. ஆனால் பிள்ளை நியாயம் தீர்க்கச் சொல்லவில்லை. ஆறு தன் வழியை மறக்குமா என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அம்மா, யாரிடம் கேட்கலாம் என்று நாம் சொல்லியிருக்கலாம். எட்டு விடைகளில் அதற்கு இடம் உண்டு.

மறுவாரம் ஆசிரியையும் நாமும் பேசினோம். அவரே முன்வந்து பிள்ளைகளிடம், போன வாரம் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் உட்காரச் சொன்னேன் என்று சொன்னார். வகுப்பு சிரிக்கவில்லை. ஒரு பையன், தன் தாத்தா பரவனாற்றில் மீன் பிடித்தவர், பழைய ஆறு எங்கெங்கே வளைந்து போகும் என்று அவருக்குத் தெரியும் என்றான். இன்னொருத்தி, வெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஊருக்குள் வந்தது என்று தன் பாட்டி சொல்வார் என்றாள். அன்று பட்டியலில் கேட்டதைவிடக் கூடுதலான குரல்கள் கேட்டன.

வரும் சனிக்கிழமை மாலை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போவதாக முடிவு செய்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். கேள்விகளைப் பிள்ளைகளே எழுதி வருகிறார்கள். முதல் கேள்வி யாருடையது என்பதில் மட்டும் வகுப்பில் விவாதமே நடக்கவில்லை.